நான் எடுக்கச் சொன்ன பெயர்

என் ஒரே மகன் ஜெபராஜின் பெயரைச் சபையின் ஜெபப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னவள் நான்தான். இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் அது சாட்சி ஆகாது. ஆகவே சகோதர சகோதரிகளே, முதலில் என் குற்றத்தைக் கேளுங்கள்.

தேவாரம் ஊருக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் காலமாகிப் பத்து வருடம் ஆகிறது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஜெபராஜ் ராணுவத்தில் டிரைவர். இரண்டு வருடம் முன்பு லீவில் வந்தவன், குச்சனூர்ப் பெண் கவிதாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு எனக்குப் போனில் சொன்னான். அவர்கள் விவசாயக் குடும்பம், சனீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள். பெற்றவளை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அந்த வாரமே பாஸ்டர் ஐயாவிடம் போய், "எம்பேச்சு வேண்டாம்னு போனவனுக்கு ஏஞ்செபம் எதுக்கு? அவன் பேர எடுத்திருங்கய்யா" என்றேன். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் மசியவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது இந்தப் பக்கத்திலிருந்து பலர் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனார்கள். அவர்கள் எழுதிய கடிதங்கள் எங்கள் சபைக் கோயில் விலாசத்துக்குத்தான் வரும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாருக்கு அன்றைய பாஸ்டர் வாசித்துச் சொல்வார். கிறிஸ்தவர், இந்து என்று பார்த்ததில்லை. ஞாயிறு ஆராதனையில், ஊரைவிட்டுப் போன பிள்ளைகளின் பெயரை வாசிக்கிற வழக்கம் அப்போது வந்தது. பெயர் வரும்போது அந்த வீட்டு ஆள் ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். ஒருமுறை செத்துவிட்டார் என்ற வதந்தியை நம்பி ஒருவர் பெயரை எடுத்துவிட்டார்கள். அதைக் கேட்டுப் படுத்த தாயார் எழுந்திருக்கவே இல்லை. அவர் அடக்கம் முடிந்த நாலாம் மாதம் மகன் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாராம். அன்றிலிருந்து கட்டுப்பாடு வந்துவிட்டது. பெயரைக் கொடுத்த வீட்டார் வாய் திறந்து சொன்னால்தான் எடுக்கலாம், சேர்க்கலாம். போர் முடிந்தும் அந்த வழக்கம் நிற்கவில்லை. இன்றைக்குத் துபாய் போனவர்கள் பெயரும் வாசிக்கிறோம்.

போன ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை, கடையில் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வடக்கே மலைப்பாதையில் ஜெபராஜ் ஓட்டிப்போன லாரி ஆற்றில் விழுந்துவிட்டது. வண்டி கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை.

மாலையில் பாஸ்டர் ஐயா வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "பேரச் சேத்துக்கிடவாக்கா?" என்று கேட்டார். என்னால் தலைகூட ஆட்ட முடியவில்லை. நான் அவன் பெயரை எடுத்தேன், கர்த்தர் அவன்மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார் என்று மனதில் விழுந்துவிட்டது. இப்போது எந்த முகத்தோடு கேட்பேன்? சோறு இறங்கவில்லை. ஜெபிக்க வாய் வரவில்லை. சாகலாம் என்றுகூட நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பாஸ்டர் ஐயா பட்டியலை மெதுவாக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். பட்டியல் முடிந்தது. அப்போது வாசலில் நின்ற ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்து வந்தாள். போட்டோவில் மட்டுமே பார்த்திருந்த கவிதா.

"ஐயா, எங்க வீட்டுக்காரர் பேரு வரலியே" என்றாள். "எனக்கு ஒண்ணுன்னா மொத ஆளா எங்கம்மாதான் எம்பேரக் கொடுப்பாகன்னு சொல்லியிருந்தாக. அதக் கேக்கத்தான் வந்தேன்."

யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் எழுந்து நின்றேன். "நாந்தாம்மா எடுக்கச் சொன்னேன். உங்க கல்யாணத்துக்காக எடுக்கச் சொன்னேன். ஐயா, எம்பிள்ள பேரச் சேத்துக்கிடுங்க" என்றேன். பாஸ்டர் ஐயா "ஜெபராஜ்" என்று வாசித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். அவளும் நின்றாள். ஆனால் என் பக்கம் திரும்பவில்லை. ஆராதனை முடிந்து போகும்போது, "அவுக ஒங்கள நம்பிட்டுப் போனாக அத்தை" என்று மட்டும் சொன்னாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த ஞாயிறும் பஸ் ஏறி வந்தாள். மூன்றாம் வாரம் என் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். கர்த்தரிடம் முதலில் அவன் உயிரைக் கேட்டேன், அழுது அடம்பிடித்துக் கேட்டேன். ஐந்தாம் ஞாயிறு அவள் முகத்தைப் பார்த்தபோது, இந்தப் பிள்ளை காலமெல்லாம் வழி பார்த்துக் கிடக்கக் கூடாது என்று தோன்றியது. "கர்த்தாவே, எப்படியிருந்தாலும் அவனை வீட்டுக்குக் கொண்டுவாரும்" என்று ஜெபித்தேன். புதன்கிழமை போன் வந்தது. பல மைல் தள்ளி, பாறை இடுக்கில் கிடைத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்த சவப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். கவிதா அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பர்மா போய்த் திரும்பாத ஏழு பேரின் பெயர் எங்கள் கோயில் சுவரில் கல்லில் வெட்டியிருக்கிறது. ஒருவருக்கும் கல்லறை கிடையாது. அந்தத் தாய்மாருக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது. ஆறுதல் என்று சொல்லமாட்டேன், இரக்கம் என்று சொல்வேன். அதற்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம்.

அடக்கம் முடிந்த மறுமாதம் கவிதா வீட்டுக்கு வந்தாள். "சின்னப் பிள்ளையில அவுக எப்படி இருப்பாகன்னு சொல்லுங்க அத்தை" என்று கேட்டாள். சொல்லச் சொல்ல இரண்டு பேரும் அழுதோம், சிரித்தோம். சனிக்கிழமை அவள் தன் கோயிலுக்குப் போகிறாள், ஞாயிற்றுக்கிழமை என்னோடு வந்து உட்காருகிறாள். அதைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. என் வாயை அடக்கியதுகூடக் கர்த்தர் செய்ததுதான்.

பிரியமானவர்களே, நம்பிக் கேளுங்கள், அவர் கேட்கிறார். நாம் கேட்டபடியே தருவார் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் கோபத்தில் ஒதுக்கிய பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், முழங்காலில் நிற்குமுன் அவனுக்கு ஒரு போன் போடுங்கள். அந்த ஆடிக்கு முந்தின கிறிஸ்துமஸ் அன்று என் மகன் என்னை மூன்று தடவை போனில் கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை.