முழங்கால் தண்ணீருக்கு ஓர் இன்ஜின்

மாமா மூங்கிலை ஒரு கையால் மட்டும் ஊன்றிப் படகைத் தள்ளியதைப் பார்த்தபோதுதான் அது பளிச்சென்று தோன்றியது: இதற்கு ஓர் இன்ஜின் மாட்டினால் என்ன?

மாமா என் அம்மாவின் தம்பி. வேதாரண்யம் உப்பளங்களுக்கு அப்பால் உள்ள உப்பங்கழியில் நண்டு வலை போடுகிறவர். வருஷக்கணக்காகத் துபாயில் லாரி ஓட்டிவிட்டு, இனிப் போவதில்லை என்று திரும்பி வந்து ஒரு சின்ன ஃபைபர் படகு வாங்கினார். இப்போது இடது தோள் தூக்க வரவில்லை. மழைக்காலத்துக்குள் வழி பிறக்காவிட்டால் படகை விற்றுவிட்டு மறுபடி விமானம் ஏறுவதாக மாமியிடம் சொல்லியிருந்தார். விசா ஏஜென்ட் வேறு விடாமல் போன் செய்துகொண்டிருந்தார்.

நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். கையில் நேரம் இருந்தது, போனில் டேட்டா இருந்தது. படகின் எடை, வலை, நண்டுக் கூடை, மாமா எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, கடலோரப் படகுகளில் இருப்பதுபோல் பத்து குதிரைசக்தி என்று முடிவு கட்டினேன். கடலுக்கே போதுமென்றால் கழிக்குப் போதாதா?

நாகப்பட்டினத்தில் பழைய இன்ஜின் விற்கும் கடைக்கு என்னைப் பெற்ற அத்தாவும் வந்தார். அவருக்கு நீடாமங்கலத்தில் பம்புசெட் கடை. எந்த மோட்டாரையும் அது எவ்வளவு தண்ணீர் எறிகிறது என்று பார்த்துத்தான் மதிப்பிடுவார். கடைக்காரர் இன்ஜினின் அடியில் விசிறி மாட்டிய காலைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓட்டிக் காட்டினார். பக்கவாட்டிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் பீய்ச்சியது. அத்தா அதைக் கையில் பிடித்துப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய மோட்டாருக்கு இவ்வளவுதான் தண்ணியா?"

"பாய், அது இன்ஜின் சூடாகாம இருக்க உள்ள சுத்திட்டு வர்ற தண்ணி. இது வயலுக்கு எறைக்கிறதில்ல, படகைத் தள்றது" என்றார் கடைக்காரர். அத்தாவுக்குத் திருப்தியில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகப் பேசி, வண்டியில் ஏற்றி வந்தோம்.

படகில் மாட்டியதும் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. பாரத்துக்கு நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். மாமா முடுக்கினார். படகு சீறியது. மாமா சிரித்ததைப் பார்த்து நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். கொஞ்ச தூரத்தில் ஆழம் குறைந்தது. விசிறி சேற்றைக் குடைந்து, பின்னால் தண்ணீர் கறுப்பாகக் கிளம்பியது. போய்விடலாம், நிறுத்த வேண்டாம் என்றேன். அத்தா மட்டும் புறப்பட்டதிலிருந்து அந்த நூல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, தண்ணி நின்னுபோச்சு. அணைங்க."

மாமா அணைத்தார். இன்ஜினைச் சாய்த்துப் பார்த்தால், தண்ணீர் உறிஞ்சும் துளை முழுக்கச் சேறும் பாசியும். இன்ஜின் மூடியைச் சூட்டில் தொட முடியவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கடைக்காரரின் இன்ஜின் இறுகிப்போயிருக்கும்.

"தண்ணி பத்தலன்னு நான் அங்கயே சொன்னேன்" என்றார் அத்தா. அவர் சொன்ன காரணம் தப்பு என்று விளக்கும் நிலையில் நான் இல்லை.

திரும்பும்போது மூங்கில் என் கையில். படகு நேராகப் போகாமல் சுற்றிச் சுற்றி வந்தது. "இன்ஜினே தேவலாம் போலிருக்கே" என்று மாமா கிண்டலடித்தார்.

கரைக்கு வருவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அலைக்கும் ஆழத்துக்கும் செய்த இன்ஜினை நான் முழங்கால் தண்ணீரில் இறக்கியிருக்கிறேன். இங்கே வேகம் எதற்கு? வேண்டியது இரண்டு குதிரைசக்தி, குட்டைக் கால், காற்றிலேயே குளிரும் இன்ஜின். டீக்கடையில் இதைச் சொன்னதும் அத்தா தம்ளரைக் கீழே வைத்தார்.

"தண்ணியே வராதா? அது என்னம்மா மோட்டாரு?"

மாமா கேட்டது வேறு. "ஒரு கையால தூக்கலாமா?"

"தூக்கலாம் மாமா. சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

சட்டைப்பையில் போன் அடித்தது. மாமா எடுத்து, அடுத்த வாரம் சொல்வதாக ஏஜென்ட்டிடம் சொன்னார்.

பெரிய இன்ஜினைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று. முத்துப்பேட்டையில் ஒருவரிடம் அப்படிப்பட்ட சின்ன இன்ஜின் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தருகிறார். இந்த முறை தண்ணீர் நன்றாக வற்றியிருக்கும் நேரம் பார்த்தே இறக்கப் போகிறோம். அப்போது ஓடினால் எப்போதும் ஓடும். பாசி சுற்றாமலிருக்க விசிறிக்கு மாட்டவென்று அத்தா கடையிலிருந்து பம்புசெட் சல்லடை ஒன்றை வெட்டிக்கொண்டிருக்கிறார். அது படகை இழுத்துப் பிடிக்குமோ என்று எனக்குச் சந்தேகம். அதையும் மாட்டிப் பார்க்கலாம். ஆனால் முதலில், மாமா அந்த இன்ஜினை வலது கையால் தூக்கிப் பார்க்க வேண்டும்.