கட்டிங் மேசைக்கு எந்த லேப்டாப்

தையல் மெஷினில் பஞ்சு போக ஊதுவதைப் போலவே, கட்டிங் மாஸ்டர் அழகுமலை லேப்டாப்பையும் காற்றடிக்கும் ஏர் கன் வைத்து ஊதிவிட்டார். உள்ளே ஃபேன் கிர்ரென்று சுற்றி டக்கென்று நின்றது. அதோடு சரி.

“நல்லதுக்குத்தான் ஊதுனேன் அம்மணி. மெசினெல்லாம் தாங்குது, இது பெரிய சொகுசுக்காரியா இருக்குது” என்றார் வேல்விழியிடம்.

அந்தப் பனியன் கம்பெனியில் அவள் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. பெற்றோர் விளாத்திகுளம் பக்கமிருந்து வந்து, தைத்த துணியில் பிழை பார்க்கும் செக்கிங் மேசையில் நின்றே அவளைப் படிக்க வைத்தவர்கள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி. துணி வீணாகாதபடி சட்டையின் பாகங்களை லேப்டாப்பில் நெருக்கி அடுக்கித் தருவது அவள் வேலை. முதலாளி பொங்கியண்ணன் அவளிடம் வேலை சொல்வாரே தவிர, யோசனை கேட்டதில்லை. அன்று கேட்டார்.

“அதே லேப்டாப்புல புதுசு வந்திருக்குதாமா. போன வருசத்து மாடலும் இருக்குதுங்கறான் கடைக்காரன். படிச்ச புள்ள, எதுன்னு நாளைக்குச் சொல்லு கண்ணு.”

இதில் தப்பினால் இனிமேல் கேட்கமாட்டார்.

வீட்டில் உட்கார்ந்து வீடியோக்களைப் பார்த்தாள். புதியதில் வேகம் அதிகம், திரை பளிச்சென்றிருந்தது, சார்ஜ் சாயங்காலம் வரை நிற்கும். ஆனால் மென்பொருளுக்கான பென்டிரைவ் போன்ற சாவியைச் செருக இடமில்லை, தனி இணைப்பு வாங்க வேண்டும். மெமரியைப் பின்னாளில் கூட்ட முடியாது. சமாளித்துக்கொள்ளலாம் என்று பட்டது. இவ்வளவு சுலபமாகப் பட்டதே அவளை உறுத்தியது. புது லேப்டாப்பை மடியில் வைத்திருக்கும் தன்னையல்லவா இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தாள்? கட்டிங் மேசை ஒரு தடவைகூட நினைவில் வரவில்லை.

மறுநாள் காலையில் கெட்டுப்போன லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினாள். ஃபேனைச் சுற்றிப் பஞ்சு கம்பளிபோல் படிந்திருந்தது. கீழே வெள்ளை, அதன்மேல் ரோஸ், மேலே கருநீலம். அவர்கள் வெட்டிய ஆர்டர்களின் வரிசை அது. புதிய மாடலின் மூடி பசைவைத்து ஒட்டப்பட்டது, லேப்டாப் கம்பெனி ஆள்தான் திறக்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் வந்தது நினைவுக்கு வந்தது. அந்த இடத்தை அவள் அரைகுறையாகக் கேட்டுவிட்டு வேகமாக ஓட்டிவிட்டிருந்தாள்.

“போன வருசத்து மாடலே போதுங்க சார்” என்றாள் பொங்கியண்ணனிடம்.

“ஏம்மா, ஆர்டர் குடுக்கற பையர் வந்தா பாப்பாங்கல்ல? உனக்கு எது புடிச்சுது?”

“புதுசுதாங்க.”

“அப்பறமென்ன?”

“இங்க மாசத்துக்கொருக்கா தொறந்து பஞ்சு எடுக்கோணுங்க. அத நம்மால தொறக்க முடியாதுங்க.”

அவள் கழற்றிப்போட்டிருந்த லேப்டாப்பின் பஞ்சைப் பொங்கியண்ணன் விரலால் கிள்ளிப் பார்த்தார். “செரி, அதையே சொல்லிருலாம்” என்று போனை எடுத்தார்.

லேப்டாப் வந்த முதல் நாளே மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிட்டது. எதிர்பார்த்ததுதான். வயரை இழுத்து மேசைக்கடியில் செருகினாள்.

“பழசு பழசுதான் அம்மணி” என்று சிரித்தார் அழகுமலை.

“ஆமாங்க மாஸ்டர். அந்த ஏர் கன்ன மட்டும் அங்கயே வெச்சிருங்க.”