ஏற்காட்டு வளைவுகளில் இரண்டு செட் டயர்

எண்பதுகளின் தொடக்கம். ஆவணி மாதத்துச் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அஸ்தம்பட்டியில் இருந்து நானும் என் மனைவி ரோசியும் எங்கள் அம்பாசிடரில் கிளம்பினோம். காரில் ஒரு செட் புது டயர் மாட்டியிருந்தது. வேறொரு கம்பெனியின் செட் வீல்களோடு மேலே கேரியரில் கட்டியிருந்தது. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மலைச்சாலையில் எது நன்றாகப் பிடிக்கிறது என்று ஓட்டிப் பார்த்து வாங்குவதாகத் திட்டம்.

முந்தைய ஐப்பசியில், மழையில் ஒரு வளைவில் கார் வழுக்கிப் பக்கச்சுவரைத் தொட்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அதன்பின் ரோசி மலைமேல் நாகலூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பஸ்ஸில்தான் போனாள். என் காரில் மலையேற மாட்டேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. பை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவாள், அவ்வளவுதான். "நீயே கூட வந்து பார், நீ சொல்லும் டயரை வாங்குகிறேன்" என்று நான் சொன்னதால் அன்று வந்திருந்தாள். எந்த செட் எந்தக் கம்பெனி என்று அவளிடம் சொல்லவில்லை. மாட்டியிருந்தது நான் பல வருடங்களாக நம்பிய டயர்.

அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகள். நல்ல வெயில். மேலே ஏற்காட்டில், ஒண்டிக்கடைப் பகுதியில் டயர் கடை வைத்திருக்கும் செல்வராசு எங்களுக்காகக் காத்திருந்தார். இரண்டு செட்டும் அவர் கொடுத்தவைதான். நான்கு வீலிலும் காற்றை அளந்து சரிசெய்தார்.

அங்கிருந்து மூன்று வளைவு இறங்கித் திரும்புவது. வழியில் ஒரு மைல்கல் பக்கத்தில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடிப்பது. இதுதான் சோதனை. ரோசிக்குத் திடுக்கென்று தூக்கிப்போடக் கூடாதே என்று ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். "இப்போ மூணாவது கியர். இப்போ இடது பக்கம் ஒடிக்கிறேன். கல் வருது, பிரேக்." கார் நின்றதும் அவள் இறங்கி, முன்சக்கரம் நின்ற இடத்தில் ஓரமாக ஒரு கல்லை வைத்தாள்.

ஒன்பது மணிக்கு வீல் மாற்றி முடிப்பதற்குள் மேகம் இறங்கி மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையிலேயே இரண்டாவது செட்டை ஓட்டினோம். முதல் கல்லைத் தாண்டித்தான் நின்றது. அங்கேயும் ரோசி ஒரு கல்லை வைத்தாள்.

"தெரிஞ்சு போச்சு, முதல்ல ஓட்டுனதே தேவலாம்" என்றேன்.

ரோசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஏனுங்க, அது வெயில்ல ஓடுச்சு. இது மழையில ஓடுது. எப்படிங்க நியாயமாகும்? அதையும் இந்த மழையிலயே ஓட்டுங்க."

"உனக்கு..."

"நான் வர்றனுங்க."

செல்வராசு மறுபேச்சில்லாமல் ஜாக்கியை எடுத்தார். "அம்மிணி சொல்றது நொம்பச் சரிங்க" என்றார்.

அந்த மூன்று வளைவுகளில் அவள் கை டாஷ்போர்டை விடவில்லை. நான் பேசிக்கொண்டே ஓட்டினேன். மைல்கல்லில் பிரேக் பிடித்தேன். என் நம்பிக்கைக்குரிய டயர், மற்றது நின்ற இடத்தையும் தாண்டி ஒரு முழம் சறுக்கி நின்றது.

"ரெண்டாவதா ஓட்டுனதையே வாங்குங்க" என்றாள் ரோசி. பிறகு, "அம்மா ஊட்டுக்குப் போலாமுங்களா?" என்று கேட்டாள்.

அவள் சொன்ன செட்டையே மாட்டிக்கொண்டு காப்பித் தோட்டங்களுக்கு நடுவே நாகலூர் போனோம். கார் சத்தம் கேட்டு மாமியார் வாசலுக்கு வந்தார். முன்சீட்டில் இருந்து மகள் இறங்குவதைப் பார்த்தவர், "வா கண்ணு, மழையில நனைஞ்சிட்டியா?" என்று மட்டும் கேட்டு அவளை அணைத்து உள்ளே கூட்டிப்போனார்.

மாலையில் சாலை காய்ந்திருந்தது. இறங்கும் வழியில் அதே மைல்கல்லில் வாங்கிய டயரையும் சோதித்தேன். காலையில் ரோசி வைத்த முதல் கல்லுக்கு நேராகவே நின்றது. காய்ந்த சாலையில் இரண்டும் ஒன்றுதான். இதில் இரைச்சல் கொஞ்சம் அதிகம். ஈரத்தில் இதுதான் பிடிக்கிறது. வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே.

"இனிமே பயமில்லையே? டயர் நல்லா இருக்கு" என்றேன்.

"எனக்கு டயர் மேல பயமில்லீங்க" என்றாள் அவள். "அன்னிக்கு வழுக்குனதுக்கப்புறம் ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் நீங்க ஒரு வார்த்தை பேசலை. எனக்கு ஒண்ணும் புரியலை. இன்னிக்கு எல்லாத்தையும் சொல்லிட்டே ஓட்டுனீங்க."

அடுத்த வளைவு வந்ததும், "இரண்டாவது கியர். வலப்பக்கம் ஒடிக்கிறேன்" என்றேன். அவள் டாஷ்போர்டில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாதி மலை இறங்குவதற்குள் கதவில் சாய்ந்து தூங்கிப்போனாள். அடிவாரம் வரைக்கும் மெல்லிய குரலில் ஒவ்வொரு வளைவையும் அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.