பழைய தேதியில் போன மெயில்

எங்கள் கப்பல் ஏஜென்ட் ஆபீஸின் மெயில் சர்வரைக் கட்டி மேய்ப்பது என் வேலை. அது படுத்துக்கொண்டால் முதலாளி என் முகத்தைப் பார்ப்பார். ஓடினால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். அந்த மழைக்காலத்தில் நன்றாகவே படுத்தது. வெளியே போகவேண்டிய மெயில்கள் வரிசையில் நிற்கும்போதே டிஸ்க் கெட்டது. புது மெஷினில் வேலையைத் தொடங்கிவிட்டோம். அவசரமானதைப் போனில் பேசி முடித்ததால் பழைய வரிசையை யாரும் கேட்கவில்லை.

கேட்டு வந்தவள் தருவைகுளத்துப் பெண் ஒருத்தி. அவள் கணவன் முன்பு என் பக்கத்து நாற்காலியில் சரக்குப் பத்திரங்கள் தயாரித்தவன். கப்பல் கிளம்பப் பிந்திவிட்டால் பத்திரத்தில் முந்தைய தேதியைப் போடுவது எங்களுக்குத் தினப்படி சங்கதி. அதில் அவன் கை தேர்ந்த கை. பிறகு கப்பல் வேலைக்குப் போனான்.

நடுக்கடலில் அவன் போன் எடுக்காது. வீட்டார் ஆபீசுக்கு வந்து சொன்னால் கப்பலுக்கு நாங்கள் மெயில் தட்டுவோம். டிஸ்க் கெட்ட அன்று காலையில் அவளும் வந்திருந்தாள். 'மாமாவுக்கு ரொம்ப முடியல, ஒங்களையே கேக்காவ, கொழும்புல எறங்கி வந்திருங்க' என்று அவள் சொல்ல, நான்தான் தட்டினேன். போய்விட்டதென்றே நினைத்தேன்; அது அந்த வரிசையிலேயே நின்றுவிட்டது. கப்பல் கொழும்பைத் தொட்டுவிட்டுப் போனது. அவன் அப்பாவை அடக்கம் செய்த பிறகு, அடுத்த துறைமுகத்திலிருந்து கூப்பிட்டபோதுதான் அவனுக்கு விஷயம் தெரிந்தது.

கடலில் இருப்பவனிடம் வீட்டுத் துக்கத்தைக் கரையேறும்வரை மறைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தண்ணீருக்கு நடுவில் அவன்தான் என்ன செய்வான்? அவளும் அப்படி மறைத்துவிட்டாள் என்று முடிவுகட்டிவிட்டான். கப்பல் அங்கேயே ரிப்பேருக்குக் கிடந்தது.

"போன எடுக்கவே மாட்டுக்காவ அண்ணே. மெஷினு கெட்டுப்போச்சுன்னு சொன்னதுக்கு கத விடாதன்னு வச்சிட்டாவ. அந்த மெயிலு அதே தேதியோட போனா நம்புவாவ," என்றாள். ஆபீஸ் நம்பரையும் அவன் எடுக்கவில்லை.

அன்றே உட்கார்ந்தேன். பழைய டிஸ்க்கை நேராக நோண்டாமல் நகல் எடுத்தேன். அந்த வரிசையை அப்படியே புது மெஷினில் கொட்டினால், ஒரே எண்ணுள்ள புது மெயில் மேல் பழையது ஏறி இரண்டும் நாசமாகும். ஆகவே சர்வரை நிறுத்தி, ஒன்றும் வெளியே போகாமல் பிடித்துவைத்து, எல்லாவற்றுக்கும் புது எண் கொடுத்தேன். கெடு தாண்டிய மெயிலைச் சர்வர் எடுத்த எடுப்பில் திருப்பிவிடும் என்பதால் கெடுவையும் நீட்டினேன். போனில் முடிந்துபோன சமாச்சாரங்களைக் கழித்துவிட்டு, அவளுடையதை மட்டும் முதலில் விட்டேன். தேதி, நேரம் எதுவும் பிசகவில்லை. கப்பல் வாங்கிக்கொண்டது. அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மறுநாள் அவள் வந்து பக்கத்தில் நிற்கும்போதே பதில் வந்தது. எனக்குத்தான் எழுதியிருந்தான்.

'பழைய தேதி போடுத நாற்காலியிலதான அண்ணே நானும் இருந்தேன். எங்கிட்டயே அந்த வேலையக் காட்டுதியளே. அவளுக்காவ நீங்க இந்தப் பாவத்தச் செய்யாதிய. இனிமே எனக்கு எழுதாண்டாம்.'

அவள் திரையைக் குனிந்து படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். நான் சர்வர் குறிப்புகளைத் திறந்து, அது வரிசையில் சேர்ந்த நேரத்தை விரல் வைத்துக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"நெசமாவே அன்னைக்கே அனுப்புனியளா அண்ணே?"