முதல் பாட்டும் பிரதம விருந்தினரும்

பிரதம விருந்தினர் தான் இளமையில் பார்த்த கூத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கைபேசியில் லண்டன் தமிழ் வானொலி ஒன்றின் அறிவிப்பாளர் காத்திருந்தார். செய்தி முடிந்ததும் எங்கள் பாட்டை மண்டபத்திலிருந்தே நேரடியாக எடுப்பதாக ஏற்பாடு. பாட வேண்டியவரோ மேடையில் கதிரையில் சும்மா இருந்தார். எங்கள் இசை லேபலின் முதல் வெளியீடு, புதுக்குடியிருப்பில், இந்த நிலையில் இருந்தது.

அதற்கு முன் நான் பத்திரிகைகளில் இசை பற்றி எழுதினேன். பாடகர்களுக்கு விளம்பர வேலையும் செய்தேன். குறிப்பு எழுதுவது, வானொலியில் பேட்டி பிடித்துக் கொடுப்பது, அவ்வளவுதான். கொழும்பிலும் சென்னையிலும் செய்த பாட்டுகளைப் புகழ்ந்து புகழ்ந்து அலுத்துப்போய், எங்கள் பக்கத்துக் குரல்களை நாங்களே ரெக்கோர்ட் பண்ணுவோம் என்று ஒரு சின்ன லேபல் தொடங்கினேன். வீட்டு முன் அறைதான் ஒபிஸ்.

முதல் ஆள் ஜெசிந்தா அக்கா. முல்லைத்தீவுக் கரையில் கருவாடு போடுபவர். கோயில் கூத்தில் பழகிய தொண்டை. புருசன்மாரைக் கேலி செய்யும் பாட்டுகளைத் தானே கட்டுவார். பிரான்சில் இருக்கும் தங்கச்சி அன்று வானொலியைப் போட்டுக்கொண்டு இருப்பார் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவள் போய் எத்தினை வருசம், தம்பி. சனத்துக்கு முன்னால நான் பாடுறதை அவள் கேக்கவேணும். போனில பாடிக் காட்டுறதெல்லாம் பாட்டில்லை."

எங்கள் ஊரில் வெளியீட்டு விழா என்றால் விளக்கேற்றல், ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயப்புரை, கடைசியில் ஏற்புரை. நானும் அதே ஒழுங்கில் போட்டு, பாட்டை நயப்புரைக்குப் பின்னால் வைத்திருந்தேன். கேட்காத பாட்டை எப்படி நயப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

"அண்ணை, செய்தி முடியப்போகுது. பாட்டு இல்லையெண்டால் நான் விளம்பரத்துக்குப் போறன்" என்றார் அறிவிப்பாளர்.

பேச்சை முடிக்கும்படி ஒரு துண்டு எழுதி மேடைக்கு அனுப்பினேன். பிரதம விருந்தினர் வாசித்தார், மடித்துப் பொக்கற்றில் வைத்தார், அடுத்த கூத்துக்குப் போனார். பிரதம விருந்தினரின் மைக்கைப் பிடுங்க எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் துணிவு கிடையாது. கைபேசியைத் தூக்கி ஜெசிந்தா அக்காவுக்குக் காட்டினேன்.

அவர் எழுந்தார். அக்காவுக்குப் போர்த்துவதற்கென்று மேசையில் ஒரு பொன்னாடை இருந்தது. அதை எடுத்து உதறி, பேசிக்கொண்டிருந்தவரின் தோளில் போர்த்திக் கும்பிட்டார். பொன்னாடை போர்த்தினால் பேச்சு முடிந்தது என்பது எங்கள் மேடை வழக்கம். சபை கைதட்டியது. படம் எடுப்பவரும் ஓடி வந்தார். பாதி வசனத்தில் நின்ற மனிதர் படத்துக்குச் சிரித்தார், கைகூப்பினார், போய்க் கதிரையில் இருந்தார்.

ஜெசிந்தா அக்கா மைக்கை எடுத்தார். நான் கைபேசியை ஸ்பீக்கர் பெட்டிக்கு நேரே பிடித்தேன். கடலுக்குப் போகாமல் காற்றைக் குறை சொல்லும் புருசனைப் பற்றிய பாட்டு. இரண்டாவது வரியிலேயே பின்வரிசைப் பெண்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். பிறகு தாளத்துக்குக் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு சந்தோசம்.

பாட்டு முடிந்து கொஞ்ச நேரத்தில் பிரான்சிலிருந்து அழைப்பு வந்தது. ஜெசிந்தா அக்கா கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்தார்.

"சனம் சிரிச்சது கேட்டதாம், தம்பி" என்றார்.

மறுநாள் பிரதம விருந்தினரும் அழைத்தார். பொன்னாடை நல்ல பொன்னாடைதான், ஆனால் தான் கதைத்து முடிக்கவில்லை என்று குறைப்பட்டார். அடுத்த விழாவுக்கும் அவரையே அழைத்தேன். பாட்டு முடிந்த பிறகு ஆசை தீரப் பேசினார்.

லேபல் தொடங்க விரும்பும் இளையவர்கள் என்ன மைக், என்ன சொஃப்ட்வெயர் என்று கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் பாட்டுக்கும் கேட்பவருக்கும் நடுவில் நிற்கிறவரை, மனம் நோகாமல், கதிரையில் இருத்துவதுதான் இந்தத் தொழில். அன்று லேபல்காரன் என்று பெயர் எனக்கு. தொழிலைச் செய்தவர் ஜெசிந்தா அக்கா.