மயிலம்மா கொண்டுபோன போத்தல்

மயிலம்மா மஸ்கெலியாத் தோட்டத்தை விட்டு வந்து வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருசமாக அட்டெண்டன். அன்று, முதல்நாள் நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்த ஒருவரின் மூத்திரத்தைக் கொட்டாஞ்சேனை லாப்புக்குக் கொண்டுபோனாள்.

“அதில புரதம் கூடியிருந்தா அடுத்தது நுரையீரல்ல தண்ணி கட்டும். சுறுக்கா போங்க” என்று டொக்டர் தாஸிம் விரட்டியிருந்தார்.

வழியில் ஆமி செக்பொயின்டில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். போத்தல் வைத்திருப்பவர்கள் ஒரு மிடறு குடித்துக் காட்டவேண்டும், போத்தலில் குண்டுத் திராவகம் இருக்குமோ என்று யுத்தகாலத்தில் வந்த வழக்கம் அது.

“குடி” என்றான் சிப்பாய், சிங்களத்தில்.

“இது ஒப்பரேசன் செஞ்ச ஆளோட மூத்திரம், மஹத்தயா. லேட்டானா அவருக்கு மூச்சு முட்டிரும்.”

“பொய் சொல்லாதே. குடி!” துவக்கின் குழல் அவள் நெஞ்சுக்கு நேரே நிமிர்ந்தது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. மயிலம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூடியைத் திருகிப் போத்தலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். “மொதல்ல நீங்க மோந்து பாருங்க!”

முகத்தைச் சுளித்துக்கொண்டு அவன் கையை விசிறினான். “போ, போ!”

லாப்பில் பார்த்தால் புரதம் எக்கச்சக்கம். டொக்டருக்கு உடனே போன் போனது. மூச்சு முட்டுமுன்னே நோயாளியைச் சுவாச மெசினில் போட்டார்கள்.

மறுநாளும் அவள் போத்தலோடு இறங்கினாள். அதே சிப்பாய் அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

“அந்த ஆளுக்கு மூச்சு வருதா?”

“வருது. நீங்க மறிச்சும் வருது.”