அம்மாவின் ஆறு ஜப்பான் கோப்பைகள்

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை ஒருத்தி, பழைய பீங்கானுக்கு இப்போது கொள்ளை விலை என்றாள். விழுப்புரத்தில் அம்மா வீட்டு அலமாரியில், மாதா சுரூபத்துக்குக் கீழ்த்தட்டில் கிடக்கும் ஆறு கோப்பைகள் ஞாபகத்துக்கு வந்தன. அம்மா பல வருடம் பாத்திரம் தேய்த்த வீட்டில் கொடுத்தவை. அவற்றில் அவள் ஒரு நாள்கூட டீ குடித்ததில்லை. அடுத்த ஞாயிறு போனபோது ஒன்றைத் துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு திண்டிவனம் திரும்பினேன். சொல்லிவிட்டு எடுத்தேனா என்றால், இல்லை.

திண்டிவனத்தில் பழைய சாமான் வாங்கிப் புதுச்சேரிக் கடைகளுக்கு அனுப்பும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் கோப்பையின் மேலிருந்த பூவைப் பார்க்கவே இல்லை. கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். பச்சை முத்திரையில் ‘நிப்பான்’ என்று ஆங்கில எழுத்து. ஜப்பான்காரர்கள் தங்கள் நாட்டைச் சொல்லும் பெயராம். அது இருந்தால் பெரும்பாலும் நூறு வருடத்துக்கு முந்தைய சரக்காம். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தார். அச்சடித்த பூவென்றால் புள்ளி புள்ளியாகத் தெரியும், இதில் தூரிகை இழுத்த தடம் தெரிகிறது, கையால் வரைந்தது என்று எனக்கும் காட்டினார். விளிம்பில் இருந்த பொன் பொட்டுகளைத் தடவிப் பார்க்கச் சொன்னார். மேடாக இருந்தன.

அவர் சொல்லச் சொல்ல எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. இவ்வளவு உசத்தியான பொருளை வேலைக்காரிக்கு யார் தூக்கிக் கொடுப்பார்கள்?

“யாரு குடுத்தாங்க, எப்படி வந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் குடும்மா. வாங்கறவங்க அதத்தான் மொதல்ல கேப்பாங்க” என்றார்.

தொழில் பேச்சுதான். எனக்கோ போலீஸ்காரர் கேட்பது போலிருந்தது. பிடுங்காத குறையாகக் கோப்பையை வாங்கிக்கொண்டு, நேராக விழுப்புரம் பஸ் ஏறினேன்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் இருந்தது ஒரே ஒரு கோப்பை. அதற்கே கண்டக்டர் பையைப் பார்த்தபோது முந்தானையால் மூடிக்கொண்டேன். அம்மா வேலை பார்த்த வீட்டு ஆட்கள் யாராவது கேள்விப்பட்டால்? எங்கள் தெருக்காரி திருடினாள் என்றால் ஊரில் விசாரிக்காமலே நம்புவார்கள். அம்மா இந்த வயதில் ஸ்டேஷன் வாசலில் நிற்பாளா? நிஜமாகவே கொடுத்தார்கள் என்றால், ஏன் ஒரு நாளும் வெளியே எடுக்கவில்லை? கோப்பைகள் வீட்டுக்கு வந்தது எனக்குப் படிப்புச் செலவு இருந்த வருடங்களில். எடுத்திருந்தால் எனக்காகத்தான் எடுத்திருப்பாள் என்றுகூட நினைத்துவிட்டேன். ஊர் நம்புவதற்கு முன்னால் நான் நம்பிவிட்டேன், பாவி.

அம்மா தரையில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்து, கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். கோப்பையை அவள் முன்னால் வைத்தேன். கடைக்காரர் சொன்னதையெல்லாம் சொல்லி, அந்த வீட்ல நிஜமாவே குடுத்தாங்களாம்மா என்று கேட்டேன்.

அம்மா உரிப்பதை நிறுத்தினாள்.

“கடைக்காரரு கேக்கறாரா, நீ கேக்கறியா?”

மடியில் கிடந்த தோலைத் தட்டிவிட்டாள். கோபப்பட்டிருந்தால் தேவலை.

“எழுதிக்கோ” என்றாள். “எனக்கு அந்தூட்ல தனி டம்ளரு, கொல்லைப்பக்கம் கவுத்து வச்சிருக்கும். புதுசா வந்த மருமவ, பாவம், அதுக்குத் தெரியாது. எல்லாருக்கும் ஊத்துன மாதிரி எனக்கும் இந்தக் கப்புல டீ குடுத்துடுச்சு. நானும் குடிச்சுட்டு, எல்லாத்தயும் ஒண்ணாக் கழுவி வச்சுட்டேன். சாயங்காலம் அதோட மாமியாரம்மா வந்து, நீ எதுல குடிச்சேன்னு கேட்டாங்க. ஆறும் ஒரே மாதிரி இருந்துச்சு, எனக்குச் சொல்லத் தெரியல. அதான் ஆறையும் குடுத்துட்டாங்க.”